யார் வாயில் விழுமோ

அந்த வீட்டில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. ஆனால் வீட்டுக்காரன் எதிலாவது முழுதாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சமையலறை வாசலிலிருந்து சன்னல் வரைக்கும் நடப்பான். சன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத் திரும்புவான். நடந்துகொண்டே முணுமுணுப்பான். ஒரு வாக்கியம் அகப்பட்டதும் மேசைக்கு ஓடி, நின்றபடியே கணினியில் தட்டிவிட்டு, சுடுபாத்திரத்தைத் தொட்டவன்போல் கையை உதறிக்கொண்டு மீண்டும் கிளம்பிவிடுவான். தரையில் அவன் போகிற தடம் மட்டும் மற்ற இடங்களைவிடப் பளபளப்பாக இருந்தது. இதையெல்லாம் செய்தித்தாளின் மேல்விளிம்பு வழியாகப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன மாமனார் வைத்த பெயர்தான் பம்பரம். கொஞ்ச நாள் முதுகுக்குப் பின்னால் சொன்னார். பிறகு மரியாதையைக் கூட்டி, 'பம்பர மாப்பிள்ளை' என்று முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார். கயிறு யார் கையில் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை என்று ஒருநாள் மகளிடம் சொல்லவும் செய்தார்.

கயிறு மூன்று பேர் கையில் இருந்தது.

பம்பரம் ஒரு காலத்தில் டயர் கம்பெனியில் கணக்கு எழுதியவன். கணக்கு தப்பியதில்லை, மனம்தான் அங்கே நிற்கவில்லை. எழுதிப் பிழைக்கிறேன் என்று வேலையை விட்டபோது வீட்டில் பூகம்பம் வரும் என்று எதிர்பார்த்தான். மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுப்பவள். பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு தினமும் சாலைக்குப் போய் முழுசாகத் திரும்பி வருகிறவளுக்கு இது ஒரு பூகம்பமாகத் தெரியவில்லை.

"சரி, ஓட்டுங்க. மோதுற மாதிரி இருந்தா நான் பிரேக் போடறேன்," என்றாள். இன்றுவரை போடவில்லை.

முதல் கயிறு ஒரு மருத்துவமனையின் மாதாந்தரச் செய்திமடல். அங்கே எவரும் சாகக் கூடாது. வலி என்ற சொல்லே வரக் கூடாது, 'அசௌகரியம்' வரலாம். எல்லாக் கட்டுரையும் யாராவது ஒருவர் வீடு திரும்புவதில் முடிய வேண்டும். இரண்டாவது கயிறு ஓர் இணையதளம். அங்கே பத்தி கட்டைவிரல் அகலத்துக்கு மேல் போகக் கூடாது, தலைப்பு கேள்வியாக இருக்க வேண்டும், அந்தக் கேள்விக்குப் பதில் கடைசிவரை தெரியக் கூடாது. இரண்டு பேரிடமும் அவனுக்குப் புகார் இல்லை. இரண்டு மாமியாருக்கு வாழ்க்கைப்பட்டாலும், ஒருத்திக்கு உப்பு ஆகாது, ஒருத்திக்குப் புளி ஆகாது என்று தெரிந்துவிட்டால் மருமகள் பிழைத்துக்கொள்வாள். காலையில் உப்பைக் குறை என்றும் சாயங்காலம் உப்பே இல்லையே என்றும் சொல்கிற மூன்றாவது மாமியாரை என்ன செய்வது?

மூன்றாவது, வாரப் பத்திரிகை.

அந்தப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வாராவாரம் ஒரு சாதாரண மனிதரைப் பற்றிய சித்திரம் வரும். நிறைய பேர் பத்திரிகையைப் பின்னாலிருந்து திறப்பதே அதற்காகத்தான். அதை வருஷக்கணக்காக எழுதிவந்தவர் மகன் வீட்டோடு போய்விட்டார். பக்கம் காலி. தன்னிடம் எழுதுகிற வெளியாட்கள் எல்லாருக்கும் ஆசிரியர் தகவல் அனுப்பினார்: ஆளுக்கொரு சித்திரம் எழுதித் தாருங்கள், நிறைவாக இருப்பவருக்குப் பக்கம்.

பம்பரத்துக்கு அந்தப் பக்கம்தான் வேண்டியிருந்தது. மருத்துவமனை மடலில் எழுதியவர் பெயர் வராது. இணையதளத்தில் 'எங்கள் குழு' என்று வரும். வாரப் பத்திரிகையின் உள்பக்கங்களுக்கும் பெயர் போடமாட்டார்கள். எத்தனையோ கட்டுரை எழுதியும் அவன் எழுதினான் என்பதற்கு மாமனாரிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கடைசிப் பக்கத்திலோ எழுதுகிறவரின் பெயர் தலைப்புக்குக் கீழேயே வரும், கட்டைவிரல் அளவுக்கு ஒரு படத்தோடு.

அவன் தேர்ந்தெடுத்தது ரயில் நிலையத்தில் தவறவிட்ட பொருட்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவை. நிலையத்தின் கோடியில், கழிப்பறைக்கும் பார்சல் அறைக்கும் நடுவே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பின்னால் இரும்பு அலமாரிகள். ஒற்றைச் செருப்புகள், பல்செட்டுகள், இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஒரு கடிகாரம், ஒரு ஊன்றுகோல். ஊன்றுகோலை விட்டுவிட்டு அந்த மனிதர் எப்படி இறங்கி நடந்து போனார் என்று அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம்விடக் குடைகள். கொக்கியில் கொக்கியாகத் தொங்கும் குடைகள். துணி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வாரம் ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் விரித்து வைத்து மடிப்பாள். அதைப் பார்த்த அன்று அவன் வீடுவரை நடந்தே வந்தான். சன்னல் கம்பியைத் தொட்டுத் திரும்பிய ஒரு திருப்பத்தில் அந்த வாக்கியம் வந்தது: 'ஒருவருக்கும் மழை பெய்யாத அறையில், வாரம் ஒருமுறை எல்லாக் குடைகளும் விரிகின்றன.'

அனுப்பினான். அன்றிலிருந்துதான் அவனுக்குத் தூக்கம் கெட்டது.

முதல் பதில் மின்னஞ்சலில் வந்தது. ஆசிரியர் கருத்து: அலங்காரம் அதிகம். திகட்டுகிறது. குறிப்பாகக் குடைகள் விரியும் இடம். குறைக்கவும்.

குறைத்தான். குடைகளை மனமில்லாமல் மடக்கி வைத்தான். உவமைகளை ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினான். இரண்டாவது பதில் வந்தது: வறண்டிருக்கிறது. அலுவலக அறிவிப்பு படிப்பதுபோல் இருக்கிறது. உயிர் எங்கே?

அவன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். பிறகு நிமிர்த்தி இன்னொருமுறை படித்தான். அதே எழுத்துதான் இருந்தது. நாலு தடவை சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தான். அவன் மனைவி வண்டிச் சாவியை மாட்டிவிட்டு முகத்தைப் பார்த்தாள். என்ன ஆயிற்று என்று கேட்காமலே விஷயம் புரிந்தது அவளுக்கு.

"என்கிட்ட ஒருத்தர் கத்துக்க வந்தாரு," என்றாள். "இடது பக்கம் சிக்னல் போட்டுட்டு வலது பக்கம் திரும்புவாரு. ஏங்க இப்படின்னு கேட்டா, பின்னாடி வர்றவன் ஜாக்கிரதையா இருப்பான்ல மேடம்னு சொன்னாரு. உங்க ஆசிரியருக்கு அவர் சொந்தமா இருக்கும்."

மாமனார் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "இல்ல, மாப்பிள்ளைதான் பின்னாடி போறவரு," என்றார்.

பத்திரிகை அலுவலகத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை இருந்தது. வெளியிலிருந்து எழுதுகிறவர்கள் கூடுகிற இடம் அதுதான். எல்லாரும் அதே பக்கத்துக்கு மனுப்போட்டவர்கள். எல்லாரும் அதே மத்தளம், இரண்டு பக்கமும் இடி. அவர்களில் ஒருவனுக்கு வானிலை என்று பெயர். ஆசிரியரின் மனநிலையை முன்கூட்டிச் சொல்வதில் அவன் கில்லாடி என்று அவனே சொல்லிக்கொள்வான். திங்கள்கிழமை மேகமூட்டம், உணவுக்குப் பிறகு லேசான தூறல், மாதக் கடைசியில் புயல் எச்சரிக்கை என்று அவன் அறிவிப்பதைக் கேட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் கட்டுரையை அனுப்புவார்கள். அவருக்குச் சர்க்கரை ஏறுகிறது என்று ஒருவர் சொன்னார். வீட்டில் சண்டை என்றார் இன்னொருவர். நமக்குள்ளேயே யாரோ போட்டுக்கொடுக்கிறான் என்று மூன்றாமவர் சொல்லிவிட்டு எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். ஆறு மாதத்துக்கு முன்புவரை ஆசிரியரே தொலைபேசியில் கூப்பிட்டு வரிவரியாகப் பேசுவார், இப்போதெல்லாம் துணையாசிரியை தட்டச்சு செய்து அனுப்புகிற இரண்டு வரிதான் வருகிறது என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து.

"ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு. அவ்வளவுதான் விஷயம்," என்றான் வானிலை. "ஆனா வெண்ணெய் யாருக்குன்னுதான் தெரியல. எனக்கும் சுண்ணாம்புதான்."

பம்பரம் அன்று வீட்டுக்குப் போய் ஒரு காரியம் செய்தான். வீம்புக்குத்தான் செய்தான். முதலில் அனுப்பிய சித்திரத்தையே, ஓர் எழுத்தும் மாற்றாமல், 'திருத்தியது' என்று தலையில் எழுதி அனுப்பிவைத்தான். திகட்டுகிறது என்றாரே, மறுபடி திகட்டட்டும். அல்லது இதுதான் வேண்டியது என்று சொல்லி மாட்டிக்கொள்ளட்டும்.

வந்த பதில் இந்த இரண்டும் இல்லை. ஆசிரியர் கருத்து: மூச்சு முட்டுகிறது. வாக்கியங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நின்று எதையும் பார்க்க முடியவில்லை.

திகட்டல் என்ற பேச்சே இல்லை. ஒரே கட்டுரை, ஒரே மனிதர். போன வாரம் இனிப்பாக இருந்தது, இந்த வாரம் ஓடுகிறது. சர்க்கரை ஏறினாலும் வீட்டில் சண்டை என்றாலும் பிடித்தது பிடிக்காமல் போகலாம்; இனிப்பாக இருந்த பண்டம் எப்படி ஓட்டமெடுக்கும்? பம்பரம் அந்த மின்னஞ்சலை மனைவியிடம் காட்டினான். அவள் சாப்பிட்டுக்கொண்டே படித்தாள்.

"பயிற்சி வண்டியில ரெண்டு பக்கமும் பெடல் இருக்கும்," என்றாள். "ஓட்டறவர் ஒருத்தர், அழுத்தறது இன்னொருத்தர். வெளியே இருந்து பார்க்கறவங்களுக்கு வண்டிக்குப் பைத்தியம் பிடிச்ச மாதிரி இருக்கும். எதுக்கும் நேர்ல போய்ப் பாருங்களேன்."

நேரில் போவது அவனுக்கு ஆகாத காரியம். கட்டுரை அனுப்புகிறவன் பின்னாலேயே வந்து நிற்கக் கூடாது என்று ஒரு வைராக்கியம். அதைவிடப் பெரிது கூச்சம். ஆனாலும் வாக்கியங்களை எல்லாம் வெட்டி, கத்தரித்து, நாலாவது தடவையாக அனுப்பிய மறுநாள் காலையில் அவன் கால்கள் அவனைக் கேட்காமலே அந்த மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தன.

வரவேற்பு மேசையில் ஆள் இல்லை. உள்ளே ஒரு நீளமான அறை. பழைய இதழ்கள் கட்டுக்கட்டாகச் சுவரோரம் அடுக்கியிருந்தன. கோடியில் மரத்தடுப்பு போட்டு ஆசிரியரின் அறை. தடுப்பு தோள் உயரம்தான். அதற்கு மேலே கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே வெறும் காற்று. தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவன் குடிநீர்க் குழாயருகே ஒதுங்கினான். அப்போதுதான் தன்னுடைய வாக்கியத்தைக் கேட்டான்.

"அவள். உட்கார்ந்திருக்கிறாள். பின்னால். அலமாரிகள்."

அந்தக் குரல், பத்திரிகையின் பக்கங்களை வடிவமைக்கிறவருடையது. இளமையில் நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவர் என்று எல்லாருக்கும் தெரியும். சம்பளம் வந்துவிட்டதா என்று கேட்பதைக்கூட அரியணையிலிருந்து கேட்பார். இவன் கஷ்டப்பட்டு வெட்டிவைத்த சின்னச் சின்ன வாக்கியங்களின் முடிவில் எல்லாம் அவர் ஒரு பெருமூச்சு விட்டார். 'ஒற்றைச் செருப்புகள்' என்று சொல்லிவிட்டு, அந்தச் செருப்புகளுக்காகக் கொஞ்சம் அழுதார். கேட்கக் கேட்க அவனுக்கு உடம்பு கூசியது. நான் எழுதியதா இது என்று நினைத்தான். இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி அல்லவா நிற்கிறாள் அந்த அம்மா.

கண்ணாடி வழியாகப் பார்த்தான். ஆசிரியர் தலையை நாற்காலியில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி மேசைமேல் மடித்து வைத்திருந்தது. கேட்பது அவர் பழக்கம் போலிருக்கிறது என்று முதலில் எண்ணினான். பிறகு ஆசிரியர் கண்ணைத் திறந்து தேநீருக்காகக் கையை நீட்டினார். கை கோப்பைக்கு ஒரு சாண் தள்ளி மேசையைத் தடவியது. பக்கத்தில் நின்றிருந்த துணையாசிரியை கோப்பையை நகர்த்தி அந்தக் கைக்குள் வைத்தாள். கை அதைப் பிடித்துக்கொண்டது. மூன்று பேரில் ஒருவர் முகமும் மாறவில்லை. இது அங்கே தினமும் நடக்கிறது.

"நாளைக்கு இன்னொரு கட்டு இருக்கு சார்," என்றாள் துணையாசிரியை. "நான் படிச்சிடறேன்."

"நீ கொஞ்சம் மெதுவா படிம்மா. போன தடவை மாதிரி ரயிலைப் பிடிக்கப் போறவ மாதிரி ஓடாத."

பம்பரம் காகிதக் கோப்பையைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, வந்த சுவடு தெரியாமல் இறங்கினான்.

அதற்குப் பிறகு அவன் எந்தத் தெருவில் எப்படிப் போனான் என்று அவனுக்கே ஞாபகமில்லை. புரிந்தது எல்லாம் ஒரே சமயத்தில் புரிந்தது. முதல் சித்திரம் ராஜா வாயில் விழுந்திருக்கிறது, குடைகள் திகட்டிவிட்டன. இரண்டாவது, துணையாசிரியை வாயில், காய்ந்த சருகாகிவிட்டது. அதே முதல் சித்திரம் மறுபடி போனபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் பண்ணின நோய்க்கு இவன் மருந்து தயாரித்து இன்னொரு வாய்க்கு ஊட்டியிருக்கிறான். ஆசிரியர் ஒரு நாளும் மாற்றிச் சொல்லவில்லை. அவர் காதில் விழுந்ததைத்தான் சொல்லியிருக்கிறார்.

தேநீர்க் கடை வாசலில் வானிலை கையைத் தட்டிக் கூப்பிட்டான். மேலே போய்விட்டு வருகிறாயே, என்ன விசேஷம் என்று கேட்டான். பம்பரத்தின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும். சர்க்கரை, சண்டை, புயல் எல்லாம் கலைந்து போகும். கூடவே அந்த மேசைமேல் தடவிய கையும் தெருவுக்கு வந்துவிடும். ஆசிரியருக்குக் கண் போய்விட்டது என்று தெரிந்தால் பத்திரிகை முதலாளி அவரை எத்தனை நாள் வைத்திருப்பார்?

"தண்ணி குடிக்கப் போனேன்," என்றான்.

வானிலை அவனை மேலும் கீழும் பார்த்தான். "இங்க தண்ணி இல்லயா?" என்றான். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி பம்பரம் அங்கிருந்து நகர்ந்தான்.

மனைவியிடம் மட்டும் சொன்னான். அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாள். பிறகு, இதை நீங்கள் யாரிடமும் சொல்லாதீர்கள், ஆனால் பக்கத்தை விட்டுக்கொடுக்கவும் செய்யாதீர்கள் என்றாள். இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்வது எப்படி என்று அவளுக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பக்கம் முடிவாகிறது. அன்றைக்கு வடிவமைப்பாளர் அச்சகத்துக்குப் போய்விடுவார், படிப்பது துணையாசிரியைதான் என்று பம்பரம் கணக்குப் போட்டான். டயர் கம்பெனியில் தப்பாத கணக்கு. அவள் வாய்க்கு ஏற்ற மாதிரி தைத்துவிட வேண்டியதுதான். ஓடுகிற வாய்க்கு நடுநடுவே கல் போட வேண்டும். தட்டையான குரலுக்குச் சொல்லிலேயே நிறம் வேண்டும். எழுதிப் பார்த்தான். ஆனால் கேட்டுப் பார்க்க ஒரு வாய் வேண்டுமே. தினமும் செய்தித்தாளைக் கூடத்துக்கே கேட்கும்படி படிக்கிற மாமனாரிடம் காகிதங்களை நீட்டி, கொஞ்சம் வேகமாக, உணர்ச்சியில்லாமல் படிக்கச் சொன்னான்.

"உணர்ச்சியில்லாமலா?" மாமனார் கண்ணாடியைத் துடைத்தார். "எழுதறப்பவே எடுத்திருக்கலாமே மாப்பிள்ளை. எனக்கு எதுக்கு அந்த வேலை?"

இருந்தாலும் படித்தார். பல்செட் இடத்தில் நிறுத்தி, தன்னுடைய பல்லைப் பற்றி ஒரு கதை சொன்னார். கடிகாரத்தருகே இருமினார். ஊன்றுகோல் வந்ததும் காகிதத்தை இறக்கித் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். பம்பரம் சன்னலுக்கும் சமையலறைக்கும் நடுவே பறந்துகொண்டிருந்தான். ஒரு வரியைச் சேர்த்தான், வெட்டினான், வெட்டினதை ஒட்டினான். குடை வாக்கியம் துணையாசிரியையின் வாயில் நிற்காது என்று தோன்றியது. அதை எடுத்தேவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் காகிதங்களை உறையில் போட்டுக்கொண்டு தானே எடுத்துப் போனான். மின்னஞ்சலை நம்ப முடியவில்லை. வழியில் நிலையத்தில் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றான். அந்த அம்மா தலையைத் தூக்கினாள்.

"என்னப் பத்தி எழுதினீங்களே, வந்துடுச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"தொலைஞ்சு போச்சுன்னா கவலைப்படாதீங்க. எப்படியும் இங்கதான் வந்து சேரும்," என்றாள்.

படியேறியபோது நீளமான அறை காலியாக இருந்தது. வடிவமைப்பாளர் அச்சகத்தில். துணையாசிரியையின் நாற்காலியில் கைப்பை இல்லை. அவளுக்குக் காய்ச்சல் என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து ஆசிரியரின் குரல் சொன்னது. யாரது என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் சொன்னது. காலடிச் சத்தம் யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. பம்பரம் தன் பெயரைச் சொன்னான்.

"ஓ, ரயில்வே அம்மாவா? வாங்க, வாங்க." ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். "வெச்சிட்டுப் போங்க. நான் பார்த்துக்கறேன்."

உறையை வாங்கிப் பிரித்தார். காகிதங்களை முகத்துக்கு நேராகப் பிடித்தார். தலையை வலமும் இடமும் அசைத்தார். காகிதம் தலைகீழாக இருந்தது.

பம்பரம் வாசல் பக்கம் பார்த்தான். வெளியே போய்விடலாம். ராஜா சாயங்காலம் திரும்பி வந்து படிக்கலாம், படிக்க நேரமில்லாமலும் போகலாம். அப்படிப் போனால் பக்கம் வேறு யாருக்காவது போகும், வானிலைக்கே போகலாம். அல்லது, சார், எனக்குத் தெரியும் என்று சொல்லலாம். அதைச் சொல்ல வாய் வரவில்லை. கால் மட்டும் நிற்கமாட்டேன் என்றது. அறைக்குள் இப்படியும் அப்படியும் இரண்டு எட்டு வைத்தான்.

"சார், எனக்கு ஒரு கெட்ட பழக்கம்," என்றான். "குடுக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் சத்தமா படிச்சுப் பார்த்துடணும். இல்லன்னா இருப்பு கொள்ளாது. உங்களுக்குத் தொந்தரவு இல்லன்னா இங்கயே படிச்சுக்கட்டுமா?"

ஆசிரியர் காகிதங்களை மெல்ல இறக்கினார். கொஞ்ச நேரம் அவன் குரல் வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தார்.

"படிங்க," என்றார். தலை நாற்காலியில் சாய்ந்தது.

அவன் படித்தான். முதல் பத்தியிலேயே கால் தடுக்கியது. துணையாசிரியைக்காகப் போட்ட கல்லெல்லாம் அவன் வாயில் இடறின. இதை இப்படி யார் பேசுவார்கள் என்று தோன்றிய இடத்தில் தாண்டினான். ஒரு வரியை இழுத்து அடுத்ததோடு சேர்த்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நடந்துகொண்டே படிக்கிறோம் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. அலமாரி வந்தது, செருப்பு வந்தது, கடிகாரம் வந்தது.

"இருங்க." ஆசிரியர் கண்ணைத் திறக்கவில்லை. "அதுக்கப்புறம் குடைங்க விரியுமே. அது எங்கே?"

பம்பரம் நின்றான். "நீங்கதான் சார் எடுக்கச் சொன்னீங்க."

"நானா?" அவர் யோசித்தார். சன்னலுக்கு வெளியே ஏதோ வண்டி பின்னால் வருகிற சத்தம் கேட்டு அடங்கியது. "அன்னிக்கு அது ரொம்பச் சத்தமா கேட்டுது," என்றார்.

அவ்வளவுதான். 

காகிதத்தில் அந்த வாக்கியம் இல்லை. மனசிலிருந்து சொன்னான், சாதாரணமாக, வீட்டில் நடந்துகொண்டே முணுமுணுக்கிற மாதிரி. ஒருவருக்கும் மழை பெய்யாத அறையில், வாரம் ஒருமுறை எல்லாக் குடைகளும் விரிகின்றன. ஆசிரியர் ஒருமுறை தலையசைத்தார். மேலே போங்கள் என்று அர்த்தம்.

அடுத்த இதழில் அது வந்தது, பெயரோடும் படத்தோடும். படத்தில் அவன் கொஞ்சம் கலங்கியிருந்தான், எடுக்கும்போது ஆடிவிட்டான். மாமனார் அந்தப் பக்கத்தைக் கூடத்துக்கே கேட்கும்படி இரண்டு தடவை படித்தார். தவறவிட்ட பொருட்கள் அம்மா கண்ணாடியில் அதை ஒட்டிவைத்துவிட்டு, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஊன்றுகோலைப் பற்றி இரண்டே வரிதானா, குடைக்கு என்ன இத்தனை இடம் என்று கேட்டாள்.

பக்கம் கிடைத்தது. கூடவே இன்னொன்றும் கிடைத்தது, அதை அவன் கேட்கவில்லை. வாரம் இரண்டு நாள் வந்து, மற்றவர்கள் அனுப்புகிறதையும் கொஞ்சம் சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று ஆசிரியர் கேட்டார். உங்களுக்குத்தான் அந்தக் கெட்ட பழக்கம் இருக்கிறதே என்றார்.

முதல் நாள் போகும்போது தேநீர்க் கடையில் வானிலை எழுந்து வந்து வாழ்த்துச் சொன்னான். மனசாரத்தான் சொன்னான், அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. தன்னுடைய கட்டுரை ஒன்று மேலே போயிருக்கிறது, நடுப்பக்கத்துக்கு, இரண்டு தடவை திரும்பி வந்தது என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நீதான் இப்ப உள்ளே போறியே. இன்னிக்கு எப்படி இருக்காரு? வெயிலா, மழையா?"

பம்பரம் மாடிச் சன்னலை அண்ணாந்து பார்த்தான். ராத்திரி சரியாகத் தூங்காததில் அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "தெரியலப்பா," என்று சொல்லிவிட்டுப் படியேறினான்.

படிக்க வேண்டிய காகிதக் கட்டின் மேலே இருந்தது வானிலையின் கட்டுரைதான். ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை மடித்து வைத்தார். பம்பரம் தண்ணீர் குடித்தான், இன்னும் கொஞ்சம் குடித்தான். உட்கார்ந்து படித்தான், நாற்காலி நுனியில். முதல் பத்தி முடிந்தது.

"என்னமோ இழுக்குதே," என்றார் ஆசிரியர்.

பம்பரம் காகிதத்தைப் பார்த்தான். எழுத்துகள் சும்மா இருந்தன. இழுத்தது அவையா, தன் தொண்டையா என்று அவனால் சொல்ல முடியவில்லை. கீழே தேநீர்க் கடையில் ஒருவன் அண்ணாந்து இந்தச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"இருங்க சார்," என்றான். "மறுபடி முதல்லேர்ந்து படிக்கறேன்."

எழுந்தான். நாற்காலியைச் சுவரோரம் தள்ளினான். சன்னல்வரை போய்க் கம்பியைத் தொட்டுத் திரும்பி, நடக்க ஆரம்பித்தான்.